மாமா சொன்ன அமெரிக்கா வேண்டாம், பக்கத்தில் இருக்கும் கம்பெனி டீமைப் பாருங்கள்

யோகோஹாமாவிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் பள்ளிக் கடைசி வருடம், பேஸ்பாலில் வலது கை பிட்சர் (பந்து வீசுபவர்), ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் இறங்கி ஒன்றிரண்டு இன்னிங்ஸ் வீசுகிற ரிலீவர். "ஜுனிச்சி டசாவா போன மாதிரி நேரா அமெரிக்கா போகட்டும், எனக்கு ஒரு ஏஜென்ட்டைத் தெரியும், கொஞ்சம் பணம் கட்டினா போதும்" என்கிறாராம் மாமா. டசாவா, அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்கில் ஆடிய ஜப்பானியப் பிட்சர். பையன் ஸ்டார்ட்டராக, அதாவது ஆட்டத்தை முதலிலிருந்து வீசுகிறவனாக, இல்லையே என்பது அப்பாவின் குறை. நடுவில் இவருக்குத் தூக்கம் போய்விட்டது.

ஆறுதல் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஏஜென்ட் விஷயத்தைப் படித்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. ஒரு யென் கூடக் கட்டாதீர்கள். மேஜர் லீக் கிளப்புக்குப் பையன் வேண்டுமென்றால் அவர்கள்தான் பணம் தருவார்கள். குடும்பத்திடம் பணம் கேட்கிற ஆள் உங்களுக்கு விற்பது வெறும் சுற்றுலா.

அப்புறம், டசாவா கதையை மாமா பாதிதான் சொல்லியிருக்கிறார். 2008-இல் ஜப்பானின் 12 தொழில்முறை அணிகளிடமும், புது வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தன்னை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அமெரிக்காவின் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் சேர்ந்தார், உண்மைதான். அவருக்குக் கிடைத்தது மேஜர் லீக் ஒப்பந்தம். இன்றைய விதிப்படி 25 வயதுக்குக் கீழே உள்ள வெளிநாட்டு அமெச்சூருக்கு, அதாவது இன்னும் தொழில்முறைக்கு வராதவருக்கு, கீழ்நிலையான மைனர் லீக் ஒப்பந்தம் மட்டும்தான். மைனர் லீக் வீரர்களுக்கு 2023-இல் வந்த முதல் தொழிற்சங்க ஒப்பந்தத்தில்கூட, அதன் கீழ்மட்டமான சிங்கிள்-ஏ-வில் சம்பளம் ஆண்டுக்கு 26,200 டாலர், அதற்கும் கீழே உள்ள பயிற்சி லீக்கில் 19,800. பதினெட்டு வயதுப் பையன், மொழி தெரியாத ஊர், கை போய்விட்டால் திரும்பி வந்து பிடித்துக்கொள்ள ஒரு வேலையும் இல்லை. இதற்கா கடன் வாங்கப்போகிறீர்கள்?

மாமா விட்ட மீதிப் பாதி என்னவென்றால், பள்ளி முடித்தபோது டசாவாவை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை. உங்கள் ஊரிலேயே இருக்கும் எண்ணெய் நிறுவனத்தின் அணியில், இன்றைய எனியோஸில், சேர்ந்து நான்கு வருடம் வீசினார். அமெரிக்கா கண்ணில் பட்ட பிட்சர் உருவானது அங்கேதான்.

பல்கலைக்கழகம், டிராஃப்ட் பற்றி உங்கள் பள்ளியிலேயே போதுமான அளவு சொல்லியிருப்பார்கள், விடுங்கள். இந்தக் கம்பெனி பேஸ்பாலைத்தான் யாரும் வாயெடுத்துச் சொல்வதில்லை. இதில் பையன் கம்பெனி ஊழியர், மாதாமாதம் சம்பளம் வரும். பல இடங்களில் காலையில் அலுவலகம், மதியத்துக்கு மேல் பயிற்சி. எனியோஸ் தவிர யோகோஹாமாவில் மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் ஈஸ்ட், கவாசாகியில் தோஷிபா, எல்லாமே ரயிலில் போய்வருகிற தூரம். கம்பெனி அணிகளுக்காக டோக்கியோ டோமில் நடக்கும் தோஷி தாய்கோ போட்டி 1927-லிருந்து இருக்கிறது, அணிகள் நகரத்தின் பெயரைச் சுமந்து ஆடும். சொந்த அணி தகுதிச் சுற்றில் தோற்றாலும், நன்றாக வீசுகிறவனை அதே வட்டாரத்தில் தகுதி பெற்ற அணி அந்தப் போட்டிக்கு மட்டும் இரவல் வாங்கிக்கொள்ளலாம். டசாவா 2008-இல் எனியோஸ் அங்கே கோப்பை வென்றபோது சிறந்த வீரர் விருதை வாங்கினார். இந்த வழியில் வந்த இன்னொருவர் பின்னாளில் மேஜர் லீக்கிலும் வீசிய ஹிதியோ நோமோ, இரும்பாலை அணிக்கு ஆடிவிட்டுத்தான் தொழில்முறைக்கே போனார்.

குறையும் உண்டு. பள்ளியிலிருந்து நேராகக் கம்பெனியில் சேர்ந்தால் மூன்றாவது வருடம் வரை டிராஃப்டில் எடுக்க மாட்டார்கள். அணியையே மூடிவிடுவதும் உண்டு, நிஸ்ஸான் 2009-இல் அப்படித்தான் நிறுத்தியது. அதனால் பயிற்சியாளர் மூலம் கம்பெனி ஆட்களிடம் பேசும்போது நிரந்தர வேலையா ஒப்பந்தமா, அணி மூடினாலோ அவன் ஆடுவதை நிறுத்தினாலோ வேலை நிற்குமா என்பதை முகத்துக்கு நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கம்பெனியைப் பாருங்கள்.

இனி அப்பாவுக்கு. ஐயா, பையனுக்குக் கடைசி இன்னிங்ஸில் வீசப் பிடித்திருக்கிறது, அதை மாற்றாதீர்கள். கோஜி உயேஹாரா பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஒரு வருடம் தோற்றவர், உடற்கல்வி ஆசிரியராக நினைத்தவர், ஜப்பானில் முதல் வருடமே ஸ்டார்ட்டராக 20 வெற்றி எடுத்தவர். 2009-இல் அமெரிக்காவில் பால்டிமோர் அணியில் ஸ்டார்ட்டராக ஆரம்பித்து, காயத்துக்குப் பிறகு ரிலீவரானார். 2013-இல் பாஸ்டனுக்கு எட்டாவது இன்னிங்ஸில் பெரும்பாலும் டசாவா, கடைசியான ஒன்பதாவதில் உயேஹாரா. மேஜர் லீக் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் கடைசி அவுட்டை எடுத்தது உயேஹாராதான். இதில் எங்கே ஐயா குறைச்சல்?

டசாவா 388 மேஜர் லீக் ஆட்டங்களுக்குப் பிறகு 2020-இல் ஊர் திரும்பியபோது, டிராஃப்டை மறுத்து வெளிநாடு போனவர்களுக்கான தடை விதி அவரைத் தொழில்முறை அணிகளில் சேரவிடவில்லை. அந்த வருடமே விதியை நீக்கினார்கள், ஆனாலும் 34 வயதுக்காரரை டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. தைவான், மெக்சிகோ சுற்றிவிட்டு 2022-இல் அவர் போய்ச் சேர்ந்தது பழைய எனியோஸ் அணியில்.

கடிதத்தின் கடைசியில் முழங்கை வலி என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள், அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். டசாவா 2010-இல் முழங்கை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு அந்த சீசன் முழுவதும் இழந்தார். கம்பெனிப் பயிற்சிக்கு அனுப்புவதற்கு முன் விளையாட்டு மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுத்துவிடுங்கள். மாமாவின் ஏஜென்ட்டுக்கு எடுத்துவைத்த பணத்தில் அது தாராளமாக முடியும்.