தரையில் மெதுவாக ஊர்ந்து போகும் விமானங்கள் எப்படி மோதிக்கொள்கின்றன? பைலட்டுக்குத் தெரியாதா?

கேள்வி கேட்டவர் "நம் மதுரையிலும் இப்படி நடக்குமா?" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எனக்கு ஊர் அவனியாபுரம். வளைகுடா நாடு ஒன்றின் விமான நிலையத்தில் ஒன்பது வருடம் தரைப் பணியில் இருந்தேன். இரண்டு கையிலும் விளக்குக் குச்சியோடு நின்று விமானத்தை நிறுத்துமிடத்துக்குள் கூப்பிடுவது, இறக்கைக்கு நேராக நடந்து வருவது, நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது. இதுதான் என் வேலை.

ஆமாம், பைலட்டுக்குத் தெரியாது. போயிங் 777, ஏ350 மாதிரி பெரிய விமானங்களில் பைலட் உட்கார்ந்த இடத்திலிருந்து இறக்கையின் நுனியைப் பார்க்கவே முடியாது. ஏ320-இல் கழுத்தை முறுக்கி எட்டிப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். ஆனால் நுனிக்கும் பக்கத்தில் நிற்பதற்கும் நடுவே ஒரு முழம் இருக்கிறதா, ஒரு ஆள் உயரம் இருக்கிறதா என்று அங்கிருந்து கணக்குப் போட முடியாது. ஏ350-இன் இறக்கை நுனிக்கு நுனி ஏறத்தாழ 65 மீட்டர். மாட்டுத்தாவணியில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும் டிரைவருக்குக் கண்ணாடி இருக்கிறது. அப்படியும் கண்டக்டர் இறங்கி நின்று விசில் அடித்து "வரலாம், வரலாம், ஓல்டான்" சொல்ல வேண்டியிருக்கிறது. விமானத்தில் பக்கவாட்டுக் கண்ணாடியே கிடையாது.

அப்புறம், இறக்கை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அதனால் விமானம் வளையும்போது வெளிப்பக்க நுனி, நேராகப் போகையில் எடுத்துக்கொண்ட இடத்தைத் தாண்டி வீசும். நீளமான பஸ் முக்குத் திரும்பும்போது அதன் பின்பக்கம் வெளியே வீசுமே, ஓரத்தில் நிற்கும் பைக்காரர் பதறி ஒதுங்குவாரே, அதே மாதிரிதான்.

"மஞ்சள் கோடு இருக்கிறதே, அதன்மேல் போனால் போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. பக்கத்து விமானம் தனக்கான இடத்தில் முழுதாக நின்றால்தான் அந்தக் கோடு காப்பாற்றும். அது நாலைந்து மீட்டர் பின்தங்கி நின்றாலே கணக்கு மாறிவிடும். 2024 மார்ச் 27-ஆம் தேதி கொல்கத்தாவில், சென்னைக்குக் கிளம்ப ரன்வே வாசலில் காத்திருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் இறக்கையை, நகர்ந்து வந்த இண்டிகோ விமானத்தின் இறக்கை இடித்தது. அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் டெல்டா நிறுவனத்தின் ஏ350 ஒன்றின் இறக்கை நுனி, காத்திருந்த சின்ன ஜெட் விமானத்தின் வாலையே பெயர்த்துச் சாய்த்தது. இரண்டிலும் உயிர்ச்சேதம் இல்லை. பெரிய விமானங்களில் இறக்கை நுனியைக் காட்டும் கேமரா போன்ற ஏற்பாடு வேண்டும் என்று அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் 2012-லேயே பரிந்துரைத்தது. நுனிக்கு ஒரு கண் வேண்டும் என்பதுதான் எனக்கும் தோன்றுவது. கேமராவோ, ஆளோ.

மெதுவாக உரசுவது ஒரு வகை. ஓடுபாதையில் ஒன்று நிற்க, இன்னொன்று முழு வேகத்தில் வருவது வேறு வகை, அதுதான் உயிரைக் குடிக்கும். 1977-இல் டெனெரிஃப் தீவில் மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒன்று கிளம்ப ஓடிக்கொண்டிருந்தது, மற்றது அதே ரன்வேயில் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. 2001-இல் இத்தாலியின் மிலான் லினாட்டே விமான நிலையத்தில் 118 பேர். அன்றும் பனி, அங்கே தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ரேடாரும் வேலையில் இல்லை.

என் கண் முன்னால் நடந்ததையும் சொல்கிறேன். ஒரு ராத்திரி, விமானம் உள்ளே வரும்போது முன்னால் ஒருவர், இறக்கைக்கு ஒருவர் என்று மூன்று பேர் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர்தான் இருந்தோம். வலது பக்க ஆளை அடுத்த நிறுத்துமிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நான் இடது பக்கம். சாப்பாடு ஏற்றும் லாரி ஒன்று சிவப்புக் கோட்டைத் தாண்டிப் பின்பக்கத்தை நீட்டிக்கொண்டு நின்றது, வலது பக்கத்தில். முன்னால் நின்றவர் கடைசி நொடியில் பார்த்துவிட்டு இரண்டு குச்சியையும் தலைக்கு மேல் குறுக்கே பிடித்தார். நிறுத்து என்று அர்த்தம். பைலட் பிரேக் போட்டார். அதற்குள் தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அடுத்த பயணத்துக்குக் காத்திருந்தவர்கள் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள், கைக்குழந்தைகளோடு. பெயிண்ட் உரசல் மாதிரி தெரிந்தாலும் இறக்கையைச் சும்மா விட முடியாது. எரிபொருள் அதற்குள்தான் இருக்கிறது. கார்பன் இழையில் செய்த பாகமாக இருந்தால் வெளியே சின்னக் கீறல், உள்ளே பெரிய விரிசல் என்று இருக்கலாம். சோதிக்காமல் பறக்க விட மாட்டார்கள்.

அந்த ராத்திரிக்குப் பிறகு மூன்று பேர் இல்லாமல் நான் குச்சியைத் தூக்கியதில்லை. திட்டு வாங்கியிருக்கிறேன். பரவாயில்லை.

சரி, மதுரைக்கு வருவோம். நம்முடையது ஒரே ரன்வே, ஏறக்குறைய 2,285 மீட்டர். பக்கத்தில் இணையான டாக்சிவே, அதாவது விமானம் ஊர்ந்து போகும் தனிப் பாதை, இல்லாததால், இறங்கிய விமானம் கோடியில் திரும்பி அதே ரன்வேயில் திரும்பி வரும். அது வெளியேறும்வரை வேறெதுவும் இறங்காது, ஏறாது. நேரம் வீணாகும், ஆனால் டாக்சிவேக்களில் வரிசை கட்டி நிற்கும் நெரிசல் இங்கே வராது. கவனம் தேவைப்படுவது நிறுத்துமிடத்தில்தான். விமானங்கள், எண்ணெய் லாரி, படிக்கட்டு வண்டி, லக்கேஜ் டிராலி எல்லாம் அங்கேதான் கூடுகின்றன. விரிவாக்கம் வந்து விமானம் கூடும்போது விளக்குக் குச்சி பிடிக்கும் ஆட்களையும் அதே கணக்கில் கூட்ட வேண்டும் என்பது என் ஆசை.

போன வருடம் அம்மாவைச் சென்னையிலிருந்து கூட்டி வந்தேன். இறங்கிய பிறகு நிறுத்துமிடத்துக்கு வெளியிலேயே விமானம் நின்றுவிட்டது. பாதிப் பேர் எழுந்து பையை எடுக்க ஆரம்பித்தார்கள். அம்மா, "எறங்கிருச்சுல்ல, இன்னும் ஏன்டா நிப்பாட்டியே வச்சிருக்காங்க?" என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இறக்கைப் பக்கம் ஆள் ஓடி வந்துகொண்டிருந்தார்.

"ஆள் வரட்டும்னு நிக்கிறாங்கம்மா" என்றேன்.