மகளின் காலநிலைப் படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: தென்காசியில் தனியார் நிறுவனமொன்றில் கணக்காளராக இருக்கிறேன். வயது 52, கைக்கு வரும் சம்பளம் மாதம் 48,000 ரூபாய். பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கும் என் மகள், காலநிலை மாற்ற அறிவியலை மேற்கொண்டு படிக்க விரும்புகிறாள். வீட்டை அடமானம் வைத்து 11 சதவீத வட்டியில் 30 லட்சம் வாங்கி, பிரிட்டனில் ஓராண்டு முதுகலைக்கு அனுப்பும்படி என் மைத்துனர் வற்புறுத்துகிறார். அவருடைய லாரிக்காக, மனைவியின் நகையை 10 சதவீத வட்டிக்கு அடகு வைத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் கொடுத்த 6 லட்சம் இன்னும் திரும்பவில்லை. ஆண்டுதோறும் வட்டியை மட்டும் நானே கட்டி, அடகைப் புதுப்பித்துவருகிறேன். என்ன செய்வது?

பதில்: கணக்காளரான உங்களுக்கு வட்டிக் கணக்கை விளக்க வேண்டியதில்லை; ஆனால் சொந்த வீட்டுக் கணக்கை நீங்கள் போட்டுப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. 30 லட்சத்துக்குப் படிப்புக் காலமும் அடுத்த ஓராண்டும் சேர்ந்தால் வட்டி மட்டும் சுமார் 6.6 லட்சம் ஏறிவிடும். அந்த 36.6 லட்சத்தைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறக்குறைய 50,400 ரூபாய், அதாவது உங்கள் முழுச் சம்பளத்தையும் மிஞ்சும் தொகை. கடைசித் தவணையின்போது உங்களுக்கு வயது 64 ஆகியிருக்கும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது அந்த நகைக் கடன்தான். ஆண்டுக்கு 60,000 வீதம் இதுவரை 2.4 லட்சம் கட்டியும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, நகையும் வீடு வந்து சேரவில்லை. வட்டியைக் கட்டி அடகுச் சீட்டை மாற்றி வாங்கும் இந்தப் பழக்கத்தை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள். மைத்துனருக்கு மூன்று மாதக் கெடு கொடுங்கள். அவர் தராவிட்டால், மனைவியின் சம்மதத்தோடு நகையில் ஒரு பகுதியை விற்று முழுக் கடனையும் முடித்துவிடுங்கள். தங்கத்தின் விலை நான்கு ஆண்டுகளில் வெகுவாக ஏறியிருப்பதால் மீதி நகை உங்கள் கைக்கு வரும். வாங்கிய கடனுக்கு வட்டிகூடக் கட்டாத ஒருவர், உங்கள் வீட்டை அடமானம் வைக்கும்படி எந்த உரிமையில் சொல்கிறார்?

மகளின் விருப்பம் நல்ல விருப்பம். அதைத் தடுக்கவே வேண்டாம். வளிமண்டலத்தையும் கடலையும் கணினி மாதிரிகளில் ஆராயும் இத்துறைக்கு இயற்பியலும் கணிதமும்தான் அடித்தளம் என்பதால், அவர் சரியான இடத்திலேயே நிற்கிறார். கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வானிலையியல் முதுகலை இருக்கிறது; முதுகலைச் சேர்க்கைக்கான ‘ஜாம்’ நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் இயற்பியல் முதுகலையும் படிக்கலாம். அதன்பின் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலோ, புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்திலோ ஆராய்ச்சிப் படிப்புக்கு முயலலாம். இத்துறையில் விஞ்ஞானியாக வேரூன்ற முனைவர் பட்டமே பெரிதும் உதவும். அதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை, இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையே கிடைக்கிறது. வெளிநாடு செல்லும் ஆசை இருந்தால், உதவித்தொகையோடு கூடிய முனைவர் பட்ட இடமாகத் தேடி அப்போது போகட்டும்.

கடன் முகவர்கள் இப்போது கல்விக் கடனோடு பங்குச் சந்தை சார்ந்த காப்பீட்டையும், ‘கார்பன் கிரெடிட்’ (கரியமில வாயு வெளியேற்றத்தைக் குறைப்பதற்குக் கிடைக்கும், விற்கக்கூடிய வரவு) பற்றிய சான்றிதழ் வகுப்புகளையும் சேர்த்து விற்கப் பார்க்கிறார்கள். இரண்டிலும் கையெழுத்திடாதீர்கள். நகை வட்டியில் ஆண்டுக்கு மிச்சமாகும் 60,000 ரூபாயை மாதம் 5,000 வீதம் வங்கியின் தொடர் வைப்பில் (ஆர்.டி.) போட்டுவந்தால், முதுகலையின் விடுதிச் செலவில் ஒரு பகுதிக்காவது அது உதவும்.