காலில் முள் தைத்து உள்ளேயே ஒடிந்து இரண்டு நாள் ஆகிறது. வீட்டில் எல்லாரும் அதுவாக வெளியே வந்துவிடும் என்கிறார்கள். வீட்டிலேயே எடுக்கலாமா, எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

முள்ளோட வால் வெளிய நீட்டிட்டு இருந்தாலோ, மேல்தோலுக்கு அடியில கருப்பா ஓடறது கண்ணுக்குத் தெரிஞ்சாலோ வீட்டிலேயே எடுத்துடலாங்க. ஒடிஞ்சு ஆழத்துக்குப் போயிடுச்சு, அழுத்தினா மட்டும் உள்ளுக்குள்ள சுருக்குனு குத்துதுன்னா ஊசி வெச்சு நோண்டாம ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. சுகர் இருக்கிறவங்களா இருந்தா ஆழமா மேலாப்புலயானு யோசிச்சிட்டே இருக்க வேண்டாம், அன்னைக்கே போயிடணும்.

நீங்க லீவுக்கு ஊருக்கு வந்து, ரப்பர் செருப்போட காட்டுக்குள்ள நடந்திருப்பீங்கனு நினைக்கிறேன். "வீட்டில எல்லாரும் அதுவா வெளிய வந்துடும்னு சொல்றாங்க"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்திருக்கேன். அந்தப் பேச்சைக் கேட்டுட்டு இருந்ததுல எங்கப்பா ஒரு காலையே இழந்திருப்பாரு.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டரும் இல்லை நர்சும் இல்லைங்க. காங்கேயம் பக்கத்துல கொறங்காட்டுக் குடும்பம் எங்களது. கொழுக்கட்டைப் புல்லு, ஊடால வெள்வேல மரம், சுத்தியும் கிளுவை வேலின்னு இருக்கிற மேய்ச்சல் காடு. கிளுவையில கிளை முனையே முள்ளு. வெள்வேல முள்ளு வெள்ளையா, நேரா, விரல் நீளத்துக்குக் கூட இருக்கும். அங்க பொறந்து வளர்ந்தவங்க கால்ல முள்ளு ஏறாத வருஷம் கிடையாது.

எங்கம்மா முள்ளு எடுக்கறதுல கைராசிக்காரங்க. ஆடு மேய்க்கறவங்க, தென்னை மட்டை வெட்ட வர்றவங்க, களை வெட்டற அக்காமாருங்க எல்லாரும் பொழுதோட எங்க வாசலுக்குத்தான் வருவாங்க. அம்மா உடனே ஊசியைத் தூக்க மாட்டாங்க. காலை சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கச் சொல்லி, தன் கையையும் கழுவிட்டு, வெளிச்சத்துக்கு நேரா காலைத் திருப்பி வெச்சு ரொம்ப நேரம் பாப்பாங்க. முள்ளு எந்தப் பக்கமிருந்து, எந்தச் சாய்வுல ஏறியிருக்குனு தெரிஞ்ச பிறகுதான் கொதிக்கிற தண்ணியில போட்டெடுத்த பின்னூசியைக் கையில எடுப்பாங்க. முள்ளு போன வழியிலேயே மேல்தோலை மட்டும் நூல் கனத்துக்குக் கீறுவாங்க. வலிக்காது, ரத்தம் வராது. செத்த தோலு வெள்ளையாப் பிரிஞ்சு, அடியில முள்ளோட கருத்த முனை தெரியும். ஊசியைப் படுக்க வெச்சு அடியில லேசா நெம்புவாங்க. முனை தூக்கிக் குடுத்ததும் முள்வாங்கியில புடிச்சு, ஏறின அதே சாய்வுல இழுப்பாங்க. செங்குத்தாத் தூக்கினா பாதியில ஒடியும்.

எடுத்த பிறகும் வேலை முடியாது. முள்ளை வெள்ளைத் துணியில வெச்சு, "பாரு சாமி, கூர் முழுசா இருக்கா?"ன்னு கேப்பாங்க. கூர் இருந்தா மறுபடியும் சோப்புத் தண்ணியில கழுவி, பெட்டாடின் தடவி அனுப்பிடுவாங்க. கூர் மொட்டையா இருந்தா மிச்சம் உள்ளதான் இருக்குனு அர்த்தம். கீறறப்ப ரத்தம் வந்துட்டாலும் அதோட நிறுத்திடுவாங்க. "இதுக்கு மேல என் வேலை இல்ல கண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போ"ம்பாங்க. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவங்க அவங்க. எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சிருந்துச்சு, அதை நெனச்சா எனக்கு இன்னைக்கும் பெருமையா இருக்கும்.

செய்யக் கூடாதது சிலது இருக்கு. சுடுதண்ணியில காலை ஊற வைக்கச் சொல்லி நிறையப் பேர் எழுதறாங்க. முள்ளும் மரச் சிராயும் தண்ணியில ஊறினா உப்பும், மெதுமெதுன்னு ஆகி எடுக்கறப்ப நொறுங்கும். கழுவினாப் போதும், ஊற வேண்டாம். ரெண்டு பக்கமும் விரலை வெச்சுப் பிதுக்காதீங்க, உள்ளயே துண்டு துண்டாயிடும். பிளேடு வேண்டவே வேண்டாம். எருக்கம்பால் விட்டா முள்ளு மேல வரும்னு எங்க ஊர்லயும் சொல்லுவாங்க. அந்தப் பால் பட்ட கையோட கண்ணைத் தேய்ச்சா கருவிழி வீங்கிப் பார்வையே மங்கிடும். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைச்சுக் கட்டறது அந்த இடத்தைப் பொசுக்கிப் புதுசா ஒரு புண்ணைத்தான் உண்டாக்கும். நாட்டு வைத்தியத்தை இழிவு பண்றேன்னு யாரும் சண்டைக்கு வர வேண்டாங்க. சளி புடிச்சா எங்க வீட்டிலயும் தூதுவளை ரசம்தான். உள்ள ஒடிஞ்ச முள்ளு வேற சங்கதி.

அப்பா கதைக்கு வர்றேன். அவருக்கு அறுபதைத் தாண்டின வயசு, பல வருஷமா சுகர். அன்னைக்கு அவரு வேலியில சந்து விழுந்த இடத்தை முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சிட்டு இருந்தாரு. எதுக்கு அடைச்சாருன்னா, நாய்க்கு.

கேட்ட கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு தெரியும், ஆனாலும் சொல்லாம தாண்டிப் போக முடியலைங்க. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் பட்டியில அடைச்ச ஆட்டைத் தெருநாய்க் கூட்டம் ராத்திரியில பூந்து கடிச்சுப் போட்டுட்டுப் போறதும், விவசாயிங்க செத்த ஆட்டோட ரோட்டுல உக்கார்றதும் எத்தனை தடவை பேப்பர்ல வந்தாச்சு! நாய் அதைத் தின்னாலும் பரவாயில்லை, குரல்வளையைக் கடிச்சுப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடும். புடிச்ச நாய்க்குக் கருத்தடை பண்ணி, தடுப்பூசி போட்டு, புடிச்ச இடத்திலயே திரும்ப விடணும்னு 2023ல வந்த விதி சொல்லுது. சரி, நாயைக் கொல்லச் சொல்லி நானும் கேக்கலை. அந்தக் கருத்தடையைக் கிராமத்துல வந்து செய்யறது யாரு? வெடியால எந்திரிச்சுப் பட்டிக்குப் போனவங்க, சினை ஆடு குடல் சரிஞ்சு கெடக்கறதைப் பார்த்திருந்தா இதைப் பத்தி ஏசி ரூம்ல உக்காந்து பேச மாட்டாங்க. எங்கப்பா அந்த வயசுல வேலிக்குள்ள குனிஞ்சு முள்ளு கட்டினது அதனாலதான்.

வெட்டிப் போட்ட வெள்வேல முள்ளு ரப்பர் செருப்பைத் தாண்டிக் குதிங்கால்ல ஏறிடுச்சு. அவரே கையில புடிச்சு இழுத்துப் போட்டுட்டு வேலையை முடிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாரு. அம்மா கேட்ட முதல் கேள்வி, "கூர் இருந்துச்சுங்களா?" அவரு பாக்கலை. செருப்புல இருந்த மீதித் துண்டைப் பார்த்துட்டு அம்மா ஆஸ்பத்திரிக்குக் கெளம்பச் சொன்னாங்க. "வலியே இல்ல, இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா"ன்னுட்டாரு. வீட்டுக்கு வந்த ஒறம்பரை, அதான் சொந்தக்காரங்க, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வைத்தியம் சொன்னாங்க. ஒருத்தர் அது ஆணிக்கால்னு முடிவே கட்டி, கார்ன் பிளாஸ்டர் வாங்கி ஒட்டச் சொன்னாரு. மத்தவங்க எல்லாரும் உங்க வீட்டுல சொன்னதையேதான் சொன்னாங்க.

வலி இல்லாததுதான் அங்க ஆபத்து. சுகர் பல வருஷம் இருந்தா பாதத்துல நரம்பு மரத்துப் போகும், ரத்த ஓட்டமும் குறையும். உள்ளுக்குள்ள அழுகினாலும் கால் அவருக்குத் தகவல் சொல்லாது.

கண்டுபுடிச்சது டாக்டர் இல்லைங்க. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே சுகர் மாத்திரை கொண்டு வந்து குடுக்கற ஒரு அக்கா. அவங்க வந்தப்ப அப்பா உள்ளேயிருந்து திண்ணைக்கு நடந்து வந்தாரு. சிமெண்ட் தரையில அவரு வலது குதிங்கால் பட்ட இடமெல்லாம் ஈரம். "ஏனுங்கய்யா, கால்ல தண்ணி பட்டிருக்குதுங்களா?"ன்னு கேட்டுட்டு அவங்களே குனிஞ்சு காலைத் திருப்பிப் பார்த்தாங்க. மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை, சுத்தியும் தோலு ஊறி வெளுத்திருந்துச்சு. லேசா அழுத்தினதும் மஞ்சளா நீர் வந்து நாறுச்சு. தொடை இடுக்குல நெறி கட்டியிருந்துச்சு. அதைக் கூட அவரு வேலி கட்டினதுல வந்த வலின்னே நெனச்சிட்டு இருந்திருக்காரு.

நான் திருப்பூர்ல இருந்து ஓடி வந்து டவுன்ல ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். "வெள்வேல முள்ளுங்க டாக்டர், கூர் உள்ளயே இருக்குது"ன்னு எடுத்த எடுப்புலயே சொன்னேன். எக்ஸ்ரே எடுத்தாங்க. படத்தைப் பார்த்துட்டு, "உள்ள ஒண்ணும் இல்லம்மா, வெறும் சீழ்தான்"னு கட்டுப் போட்டு மாத்திரை குடுத்தாங்க. மாத்திரை சாப்பிட்ட வரைக்கும் வீக்கம் வத்துச்சு. நிறுத்தினதும் மறுபடியும் வந்துடுச்சு. திரும்பப் போனா அதே மாத்திரை. நான் மறுபடியும் முள்ளைப் பத்திச் சொன்னப்ப, "எக்ஸ்ரேல இல்லைன்னா இல்லைதாம்மா, நீங்க படிச்சவங்கதானே"ன்னு கேட்டாங்க. கொறங்காட்டுல வளர்ந்தவளுக்கு முள்ளு உள்ள இருக்கா இல்லையானு தெரியாதுன்னு அவங்களா முடிவு பண்ணிக்கிட்டாங்க. அது இன்னைக்கும் எனக்கு ஆறலை.

கோயம்புத்தூர்ல ஒரு சர்ஜன் விஷயத்தைக் கேட்டதும் எக்ஸ்ரேவைத் தள்ளி வெச்சிட்டு, குதிங்காலுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதிக் குடுத்தாரு. இரும்பும், பெரும்பாலான கண்ணாடித் துண்டும் எக்ஸ்ரேல தெரியும், முள்ளும் மரமும் பெரும்பாலும் தெரியாது, அதுக்கு ஸ்கேன்தான் நல்லதுன்னாரு. வயித்துக்குப் பாக்கற அதே ஸ்கேன்தாங்க. திரையில சின்னதா ஒரு வெள்ளைக் கோடு, அதுக்குக் கீழ நிழல் விழுந்திருந்துச்சு. மரத்துப் போற ஊசி போட்டு, கீறி எடுத்து, அந்தத் துண்டை என் கையிலயே குடுத்தாரு. மாத்திரையில வத்தி, நிறுத்தினதும் திரும்ப வர்ற சீழுக்கு அடியில ஏதோ ஒண்ணு கெடக்குதுன்னு சந்தேகப்படணும்னு சொன்னாரு. எலும்புக்குப் போகலை. போயிருந்தா பேச்சே வேற. அப்புறம் அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிசான நைலான் இழையால பாதத்துல அங்கங்க தொட்டாரு. தொடறப்ப சொல்லுங்கன்னாரு. அப்பா பல இடத்துல வாயே திறக்கலை. பக்கத்துல நின்ன அம்மா முந்தானையால வாயைப் பொத்திட்டாங்க.

இதைச் சொன்னதுக்காக எல்லா முள்ளுக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்றேன்னு எடுத்துக்காதீங்க. மேலாப்புல ஏறின முள்ளுக்கு அம்மா வைத்தியமே போதும். உள்ள இருக்குனு உங்களுக்குச் சந்தேகம் இருந்து, எக்ஸ்ரே மட்டும் பார்த்து இல்லைன்னு அனுப்பினா, "ஸ்கேன் பாக்கலாங்களா?"ன்னு தைரியமாக் கேளுங்க. அவங்க கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

டிடி ஊசியைப் பத்தியும் ஒரு குழப்பம் இருக்கு. "டிடி போட்டாச்சு, இனி சீழ் புடிக்காது"ன்னு படிச்சவங்களே சொல்றாங்க. அது டெட்டனஸ்ங்கற ரணஜன்னிக்கு மட்டும்தாங்க. அந்தக் கிருமி மண்ணுலயும் சாணத்துலயும் இருக்கு, காத்துப் படாத ஆழமான சின்ன ஓட்டைன்னா அதுக்குக் கொண்டாட்டம். கட்டுத்தரையிலயும் பட்டியிலயும் முள்ளு ஏறினா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். பெரும்பாலும் 3 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள ஆரம்பிக்கும். முதல்ல தாடை இறுகி வாய் திறக்க முடியாமப் போகும், அந்த நிலைக்கு வந்துட்டா உசுருக்கே ஆபத்து. சின்ன வயசு ஊசியெல்லாம் முழுசாப் போட்டவங்களுக்குக் கூட, அழுக்குப் புண்ணா இருந்து கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தா மறுபடியும் ஒண்ணு போடணும். சுத்தமான சின்னக் காயத்துக்கு அந்தக் கணக்கு 10 வருஷம். ஊசியே போட்டிருக்காத, இல்லை போட்டோமானு ஞாபகமே இல்லாத பெரியவங்கதான் நம்ம ஊர்ல ஜாஸ்தி. அவங்களுக்கு ஒரு ஊசியோட முடியாது, முழு வரிசையும் போடணும். ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே போடறாங்க.

மத்தபடி எப்போ போகணும்னா, செவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, செவப்புக் கோடு மேல ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, நெறி கட்டினாலோ, விண்விண்ணுனு தெறிச்சாலோ தாமதிக்க வேண்டாம். நகத்துக்கு அடியில ஆழமாப் போனது, மூட்டுக்குப் பக்கத்துல ஏறினது ரெண்டையும் வீட்டில தொடாதீங்க. மூட்டுக்குள்ள முள்ளு நின்னுட்டா புண்ணு ஆறி ஆளே மறந்த பிறகு, மாசக் கணக்கு கழிச்சுக் கூட மூட்டு வீங்கும். அப்ப டாக்டர் வாதமானு கேப்பாரு, முள்ளு ஏறினதை நீங்கதான் ஞாபகமாச் சொல்லணும். எங்கப்பாவுக்கு மாதிரி ரப்பர் செருப்பைத் தாண்டி ஏறியிருந்தா செருப்புத் துணுக்கும் கூட உள்ள போயிருக்கலாம், அதையும் சொல்லுங்க.

அந்தக் கிளினிக் பேரைக் கேட்டு மெசேஜ் பண்ணாதீங்க, சொல்ல மாட்டேன். ஒருத்தரைத் திட்டறதுக்காக இதை எழுதலை. சுகர் இருக்கிற அப்பா அம்மா ஊர்ல தனியா இருந்தா வாரம் ஒருக்கா வீடியோ கால்ல உள்ளங்காலைக் காட்டச் சொல்லிப் பாருங்க. வலிக்குதானு கேட்டு விட்டுடாதீங்க.

உங்களுக்கு ரெண்டு நாள் ஆச்சுங்கறீங்க, ஒடிஞ்சதும் உங்களுக்கே தெரியுது. அதனால நாளைக்கு வெடியாலயே போயிடுங்க. வெளிய வந்த முள்ளுத் துண்டு இருந்தா ஒரு காகிதத்துல மடிச்சு எடுத்துட்டுப் போங்க. எந்தக் கனத்துல, என்ன மாதிரி முள்ளு உள்ள இருக்குனு டாக்டர் அதைப் பார்த்தே ஓரளவு கணக்குப் போட்டுக்குவாரு.