கிளாக்கோமா என்று இப்போதுதான் சொன்னார்கள்: ஆயுசுக்கும் சொட்டு மருந்துதானா, லேசரோ ஆபரேஷனோ செய்து ஒரேயடியாக முடித்துக்கொள்ள முடியாதா?

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். "ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும்" என்று உங்களிடம் சொன்ன சொந்தக்காரர்கள் பெரும்பாலும் இதைக் கண்புரை என்று நினைத்துப் பேசுகிறார்கள். கண்புரையில் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை தெளியும். இதில் பார்வை நரம்பு போனது போனதுதான். சொட்டு, லேசர், ஆபரேஷன் எல்லாமே கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்து, மிச்சத்தைக் காப்பாற்றத்தான்.

நான் டாக்டர் இல்லை, நோயாளி. மருந்தை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம்; அப்படி எங்கேயும் சொல்லப்போவதில்லை.

எனக்குக் கண் டாக்டர் முதலில் எழுதிக்கொடுத்தது டிமோலால் சொட்டு, காலையும் இரவும். சின்ன வயதிலிருந்தே எனக்கு வீசிங் உண்டு. இன்ஹேலர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. குடும்பத்தில் யாருக்காவது கண் நோய் உண்டா, சர்க்கரை உண்டா என்றெல்லாம் கேட்டவர், மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சில நாளிலேயே மாடிப்படியில் பாதி ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. கண்ணில் விடுகிற ஒரு சொட்டுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் சிரித்தார்கள். சம்பந்தம் இருக்கிறது. சொட்டு, கண்ணீர் போகும் வழியாக மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலக்கும். டிமோலால் பீட்டா பிளாக்கர் வகை, அதாவது இதயத்துடிப்பைக் குறைக்கும், மூச்சுக்குழாயைச் சுருக்கவும் கூடும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆகாது, இதயத்துடிப்பு ரொம்பக் குறைவாக இருப்பவர்களுக்கும் ஆகாது. பாட்டிலை வாங்கிப் பார்த்துக் கண்டுபிடித்தது என் நெஞ்சு டாக்டர்தான். கண் டாக்டரிடம் போய்ச் சொன்னால், "நீங்க சொல்லவே இல்லையே" என்றார். கேட்டால்தானே சார் சொல்வோம்? இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

அப்புறம் லட்டானோபுரோஸ்ட்டுக்கு மாற்றினார்கள். இரவில் ஒரு சொட்டு மட்டும். கண் கொஞ்சம் சிவக்கும், இமைமுடி நீளும், கண்ணைச் சுற்றிக் கருக்கும். எந்தச் சொட்டாக இருந்தாலும், விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரம் இருக்கும் கண்முனையை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து கண்ணிலேயே தங்கும். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடமாவது விடுங்கள்.

சரி, லேசருக்கு வருகிறேன். கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற மூலையைக் கோணம் என்பார்கள்; உங்களுடையது திறந்த கோணமா, குறுகிய கோணமா என்று முதலில் கேளுங்கள். கோனியோஸ்கோப்பி, அதாவது கண்ணில் ஒரு லென்ஸை வைத்து அந்தக் கோணத்தைப் பார்க்கும் பரிசோதனை, செய்து பார்த்தால்தான் தெரியும். குறுகிய கோணம் என்றால் ஐரிஸில் (கண்மணியைச் சுற்றியுள்ள நிறமான திரை) லேசரால் சின்ன ஓட்டை போடுவார்கள், அது வேறு சமாச்சாரம். திறந்த கோணம் என்றால் எஸ்.எல்.டி. என்ற, நீர் வடியும் வழியைச் சீராக்கும் லேசரைச் சொட்டுக்கு முன்பே முதல் சிகிச்சையாகச் செய்யலாம். 2019-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், லேசரில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு மூன்று வருடம் கழித்தும் சொட்டு தேவைப்படவில்லை. எனக்கும் பிற்பாடு அதைச் செய்தார்கள். வலி என்று சொல்ல முடியாது, பச்சை மின்னல் போலப் பளிச் பளிச். லேசர் கம்பெனி ஆள் என்று என்னைச் சொல்வதற்குள் இதையும் சொல்லிவிடுகிறேன்: எல்லோருக்கும் வேலை செய்யாது, சில வருடத்தில் பலன் தேய்ந்து போகலாம், செய்த பிறகும் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆபரேஷன் பொதுவாக இவையெல்லாம் போதாதபோது, அல்லது நோய் ஏற்கனவே முற்றியிருந்தால். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேற மேல் இமைக்கு அடியில் புது வழி போடுவார்கள். தழும்பு விழுந்து அந்த வழி அடைபடவும் கூடும். அதனால் அதுவும் 'ஒரேயடி' இல்லை.

அப்புறம் அந்த ஃபீல்டு டெஸ்ட், பக்கவாட்டுப் பார்வை எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது. இருட்டறையில் நடுப்புள்ளியை முறைத்துக்கொண்டு, மங்கலாக வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். இங்கே நமக்கு உயிர் போகிறது, பக்கத்தில் டெஸ்ட் எடுக்கும் பையன் செல்போனில் கதை பேசுகிறான். நிறுத்தச் சொல்லுங்கள், தயங்காதீர்கள். தப்பாக வந்தால் திரும்ப உட்காரப்போவது நீங்கள்தான்.

கூடப்பிறந்தவர்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், ரத்த சொந்தத்துக்கு ஆபத்து அதிகம். என் தம்பி இன்னும் போகவில்லை. "எனக்குத்தான் நல்லாத் தெரியுதே" என்கிறான். எனக்கும் அப்போது நன்றாகத்தான் தெரிந்தது.