மகளுக்கு முன்மாதிரி ஹோமரே சவா: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

டோக்கியோவில் நடுநிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள் கால்பந்தையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறாள் என்றும், தடுத்தால் "ஹோமரே சவா 12 வயதிலேயே பெரிய அணியில் ஆடவில்லையா?" என்று திருப்பிக் கேட்கிறாள் என்றும், காலில் அடிபட்டால் என்னாவது என்பதே தங்கள் அச்சம் என்றும் எழுதியிருந்தீர்கள். மகள் சொல்வது உண்மைதான். ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறாள்.

ஜப்பான் மகளிர் கால்பந்து அணியின் தலைவியாக இருந்த சவா 1978-இல் பிறந்தவர். 1991-இல் டோக்கியோவின் மகளிர் கிளப்பான யோமியுரி பெலேசாவில் இறங்கினார். 15 வயதில் தேசிய அணிக்காக ஆடிய முதல் போட்டியிலேயே பிலிப்பைன்ஸுக்கு எதிராக 4 கோல் அடித்தார். அப்பேர்ப்பட்ட நடுக்கள ஆட்டக்காரருக்கே நிலையான இடம் அமையவில்லை. பொருளாதார மந்தத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் மகளிர் அணிகளைக் கைவிட்ட காலத்தில், 1999-இல், கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு அமெரிக்கா சென்றார். அங்கே அட்லாண்டா பீட் அணியில் ஆடிவந்தபோது, 2003-இல் அந்த லீக்கே நின்றுபோனதால் பழைய கிளப்புக்குத் திரும்பினார். 2009-இல் மறுபடியும் அமெரிக்கா, அங்கே புதிதாகத் தொடங்கிய இன்னொரு லீக். 2011-இல் கோபே நகரின் ஐநாக் அணி. அடுத்த ஆண்டே அந்த இரண்டாவது அமெரிக்க லீக்கும் மூடப்பட்டது. ஆகவே, காலில் படும் அடியைவிட, சம்பளம் தரும் அணியே இல்லாமல் போவதைத்தான் தாங்கள் முதலில் கணக்கில் கொள்ள வேண்டும் என்பேன்.

2011 மகளிர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் 117-ஆம் நிமிடத்தில், சக வீராங்கனை மியாமா அடித்த கார்னருக்கு முன்கம்பத்தை நோக்கி ஓடிவந்த 32 வயது சவா, கோலுக்கு முதுகு காட்டியபடியே வலது காலின் வெளிப்புறத்தால் பந்தை உள்ளே தட்டிவிட்டதை மகள் நூறு முறையாவது பார்த்திருப்பாள். அதே ஜப்பான் அணியின் கரினா மருயாமா, ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே மின் நிறுவனத்தின் அணிக்கு ஆடியவர் என்பதையும், அணு உலை விபத்துக்குப் பின் அந்த அணி கலைந்துபோனதையும் அவளுக்குச் சொல்லுங்கள்.

இன்று நிலைமை சற்று மேல். 2021-இல் தொடங்கிய ஜப்பானின் தொழில்முறை மகளிர் லீக்கான 'வீ லீக்', கிளப் ஒவ்வொன்றும் குறைந்தது 15 பேருடன் தொழில்முறை ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்றும், ஆண்டுச் சம்பளம் 27 லட்சம் யென்னுக்குக் குறையக்கூடாது என்றும் விதித்தது. டோக்கியோவில் அந்தத் தொகையில் காலம் தள்ளலாம், சேமிக்க முடியாது.

எனவே அவளை ஆட விடுங்கள். படிப்பை விடும் விஷயத்தில் மட்டும் சவாவைப் பின்பற்ற வேண்டாம். வசேதா போன்ற பல்கலைக்கழகங்களின் மகளிர் அணிகள் வலுவானவை. பட்டமும் ஆட்டமும் அங்கே சேர்ந்தே நடக்கும்.

தாங்கள் எழுதாமல் விட்ட ஒன்றும் உண்டு. ஜப்பான் தேசிய அணிக்கு ஆட ஜப்பானியக் குடியுரிமை கட்டாயம். இந்தியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், அதைப் பெற்றால் இந்தியக் குடியுரிமையை விட வேண்டியிருக்கும். கிளப் ஆட்டத்துக்கு இது தடையில்லை என்றாலும், ஜப்பான் அணியின் நீலச் சட்டைக் கனவு காண்பவளிடம் இதை இப்போதே பேசிவிடுவது நல்லது.

அடுத்த ஆண்டு உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு வருகிறது. அதற்குள் அவளுடைய பயிற்சியாளரைச் சந்தித்து, அவரிடம் பயின்ற பெண்கள் எந்தெந்தப் பள்ளிகளில் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பள்ளிகளைப் பிறகு சேர்ந்து தேர்ந்தெடுப்போம்.