பால் காய்ச்சியாச்சு, நாய்தான் சாப்பிட மாட்டேங்குது: கேள்வி பதில்

மார்கழி முடிந்து தை பிறந்தால் சென்னையில் தெருவுக்கு ஒரு டாடா ஏஸ் நிற்கும். அடுத்த வாரமே எனக்கு போன் வர ஆரம்பிக்கும்: "புது வீட்டுக்கு வந்ததிலிருந்து மூலையிலேயே படுத்திருக்கு மேடம்." சேலையூரில் பதினேழு வருஷமாக நாய்களுக்கான விடுதி நடத்துகிறேன். மருத்துவர் இல்லை. சொந்த நாய்களோடு நான்கு முறை வீடு மாறிய அனுபவம் உண்டு. இன்று மதியம் முழுக்க இங்கேதான் இருப்பேன், கேளுங்கள்.

பெரம்பூர்: அக்கா, தனி வீட்டிலிருந்து மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்கு வந்திருக்கிறோம். நாட்டு நாய், ஐந்து வயது. நேற்று ராத்திரியிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை, ஒண்ணுக்கும் போகவில்லை. எங்கள் மேல் கோபமா?

கோபமெல்லாம் இல்லை தம்பி. அதற்குப் போக இடம் தெரியவில்லை, அவ்வளவுதான். ஐந்து வருஷமாக மண்ணிலும் புல்லிலும் போன நாய். டைல்ஸ் மேல் போகக் கூடாது என்று நீங்களேதான் பழக்கியிருப்பீர்கள். இப்போது சுற்றிலும் டைல்ஸ்தான். கீழே இறங்கினால் பேவர் கல். அது என்ன செய்யும், பாவம்?

பழைய வீடு பக்கம்தானே? அது வழக்கமாகப் போகும் மூலையிலிருந்து ஒரு பக்கெட் மண் அள்ளி வாருங்கள். கீழே காம்பவுண்டு ஓரமாக எங்காவது மண் தெரிகிற இடத்தில் அதைக் கொட்டி, அங்கேயே கூட்டிப்போய் நில்லுங்கள். பேசாமல் நில்லுங்கள். "போ, போ" என்று அவசரப்படுத்தினால் அடக்கிக்கொள்ளும். இன்றைக்கு ஐந்தாறு முறையாவது இறக்குங்கள், லிஃப்டுக்குப் பயந்தால் படியில்.

சாப்பாடு ஒன்றிரண்டு நாள் குறைந்தால் நான் பதற மாட்டேன். தண்ணீர் குடிக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். ஆனால் மூத்திரம் அப்படியில்லை. 24 மணி நேரம் தாண்டினால் டாக்டரிடம் போய்விடுங்கள். உங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். போகும்போது எவ்வளவு நேரமாகப் போகவில்லை என்பதைச் சரியாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, நாய் வழுக்கி வழுக்கி நடக்கிறதா? மூலையில் படுத்திருப்பதற்குப் பாதி நேரம் அதுதான் காரணம், நாம் சோகம் என்று நினைத்துக்கொள்கிறோம். படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் பழைய கோணிச் சாக்கோ கால்மிதியோ போட்டு வையுங்கள். நகம் வளர்ந்திருந்தால் வெட்டிவிடுங்கள்.

அம்பத்தூர்: போகிக்கு அதன் பழைய பாயை எரித்துவிட்டுப் புது மெத்தை வாங்கலாம் என்று நினைக்கிறேன், சரிதானே மேடம்?

ஐயோ, வேண்டாம். உங்களுக்கு நாற்றம், அதற்கு அதுதான் விலாசம். துவைக்கக்கூடச் செய்யாமல் கொண்டு போங்கள். ஒரு மாதம் கழித்துத் துவைத்துக்கொள்ளலாம். மெத்தை அடுத்த போகிக்கு.

மேடவாக்கம்: வருகிற வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். அன்றைக்கே சாமானும் ஏற்றுகிறோம். நாயையும் கூடவே கூட்டிப்போகலாமா? எங்கள் வீட்டில் அது ஒரு பிள்ளை மாதிரி, அது இல்லாமல் பால் காய்ச்ச மனசில்லை.

மனசு புரிகிறதும்மா. ஆனால் விடியற்காலை நாலரைக்கு ஹோமப் புகை, பசுவும் கன்றும் வாசலேறி வரும், நாற்பது பேர் செருப்பு, மைக் செட். நாய்க்குப் புது வீடு இப்படித்தான் அறிமுகமாக வேண்டுமா? பசு நாயைப் பார்த்து மிரண்டு கூடத்தில் ஓடிய கதையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஐயர்தான் முதலில் மொட்டைமாடிக்குப் போனார்.

சாமான் ஏற்றும் நாள் அதைவிட மோசம். நங்கநல்லூரிலிருந்து இங்கே மாறிய அன்று என் வெள்ளையனைப் பின்கட்டில் கட்டியிருந்தேன். வாஷிங் மெஷினை எடுக்க வழியில்லை என்று லோடு ஆள் அவிழ்த்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை, நான் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு ஸ்டேஷன் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சடியில் கிடைத்தான். கழுத்துப் பட்டையில் நம்பர் இருந்ததால் டீக்கடைக்காரர் கூப்பிட்டார். அந்த மூன்று மணி நேரத்தை நான் யாருக்கும் விரும்ப மாட்டேன்.

அதனால் அன்று அது நன்றாகப் பழகிய ஒருவர் வீட்டில் விடுங்கள். முடியாவிட்டால் காலி செய்துவிட்ட ஒரு அறையில் வைத்து வெளியே தாழ் போட்டு, "நாய் உள்ளே, திறக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டுங்கள். விசேஷமெல்லாம் முடிந்து, கட்டில் பீரோ நின்றபிறகு, சாயந்திரம் வெயில் தாழ்ந்து கூட்டி வாருங்கள். முதலில் வீட்டைச் சுற்றி ஒரு நடை, பிறகு உள்ளே கயிற்றோடே ஒவ்வொரு அறையாக முகரட்டும். சாமானோடு டெம்போவின் பின்னால் ஏற்றி அனுப்புவது மட்டும் கூடவே கூடாது.

கீழ்க்கட்டளை: மாறி ஒரு மாதம் ஆகிறது. முதல் வாரம் நன்றாக இருந்தது. இப்போது மந்தமாக இருக்கிறது, சோறு வேண்டாம் என்கிறது, நேற்று மூக்கில் லேசாக ரத்தம். பழைய வீட்டு ஏக்கமா?

இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்குள் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள் சார். மூக்கில் ரத்தம் ஏக்கத்தில் வராது. உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதில் ரத்தத்தின் தட்டணுக்கள் குறையும், அதனால்தான் ரத்தம் கசியும். ஈறு வெளுத்திருக்கிறதா என்று உதட்டைத் தூக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்றைக்கே ரத்தப் பரிசோதனை. வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் எதையும் கொடுத்துவிடாதீர்கள், அது நாய்க்கு விஷம்.

எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். முன்பு குடியிருந்தவர்கள் நாய் வளர்த்தார்களா என்று ஓனரிடம் விசாரியுங்கள். நம் ஊர் உண்ணி காட்டில் வாழ்வதல்ல, வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்துவது. நாயின் மேலிருந்து இறங்கிச் சுவரேறி, கதவு நிலை இடுக்கிலும் ஸ்விட்ச் போர்டு பின்னாலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் இல்லாமல் பூட்டிக் கிடந்த வீட்டில்கூட மாதக்கணக்கில் பட்டினியாகக் காத்திருக்கும். நீங்கள் பால் காய்ச்சியபோது அவை ஏற்கெனவே அங்கே குடியிருந்திருக்கலாம். நாய்க்கு அதன் எடைக்கேற்ற மருந்தை டாக்டர் தருவார். வீட்டுக்கும் தனியாக மருந்தடிக்க வேண்டும், நாயை வெளியே வைத்துவிட்டு, காய்ந்தபிறகு உள்ளே விடுங்கள். நாய்க்கு மட்டும் செய்தால் திரும்ப வரும்.

பொதுவாக எல்லோருக்கும்: நாய் வீடு மாறியிருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதன்மேல் போடாதீர்கள். முதல் வாரம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு சுணங்கினால் உடம்பைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நாவலூர்: நாங்கள் இருவரும் ஆபீஸ் போனதும் ஊளையிடுகிறதாம். அசோசியேஷனில் நாயை அனுப்பச் சொல்கிறார்கள், லிஃப்டிலும் ஏற்றக் கூடாதாம். சட்டம் என்ன?

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாய் வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது, லிஃப்டையும் மறுக்க முடியாது. அதைச் செயலாளரிடம் மரியாதையாகக் காட்டுங்கள். ஆனால் ஊளை நிஜம்தானே? பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் நானும்தான் சண்டைக்கு வருவேன்.

முடிந்தால் ஒருவராவது ஒரு வாரம் வீட்டிலிருந்து வேலை பாருங்கள். அந்த வாரத்தில் சாவியை எடுப்பது, ஷூ போடுவது, திரும்ப உட்கார்ந்துவிடுவது. இதை ஒரு நாளில் பத்து முறை. அப்புறம் கதவைச் சாத்தி ஒரு நிமிஷம், மூன்று நிமிஷம், பத்து நிமிஷம். ஊளை ஆரம்பிப்பதற்கு முன்னால் திரும்பி வர வேண்டும், அதில்தான் சூட்சுமம். பழைய போன் ஒன்றை ரெக்கார்டில் போட்டுவிட்டுப் போனால் எத்தனையாவது நிமிஷத்தில் ஆரம்பிக்கிறது என்று தெரிந்துவிடும். சாப்பாடு, நடை எல்லாம் பழைய வீட்டு நேரப்படியே நடக்கட்டும். புது இடத்தில் அதற்குத் தெரிந்தது அந்த நேரம் ஒன்றுதான். திரும்பி வந்ததும் "என் செல்லமே" என்று கட்டிக்கொண்டு அழாதீர்கள். சும்மா வந்த மாதிரி வாருங்கள்.

இன்னொருவர்: தாம்பரத்துக்கு மாறுகிறோம். நாய்க்குச் சென்னை மாநகராட்சி உரிமம் இருக்கிறது, போதுமா?

தாம்பரம் 2021-லிருந்து தனி மாநகராட்சி. அங்கே கேளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைக் கையோடு எடுத்துப்போங்கள், யாரானாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

திருவொற்றியூர்: எங்கள் தெரு நாய் ஒன்றுக்கு ஆறு வருஷமாகச் சோறு வைக்கிறேன் அக்கா. போரூருக்கு மாறுகிறோம். அங்கே கொண்டுபோய் எங்கள் தெருவில் விட்டால் நானே பார்த்துக்கொள்வேன்.

இதற்குத்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. புதுத் தெருவில் விட்டால் முதல் ராத்திரியே அந்தத் தெரு நாய்கள் துரத்தும். அது பழைய வீட்டைத் தேடி ஓடும், நடுவே எத்தனை மெயின் ரோடு! தெரு நாய்க் கருத்தடைக்கான மத்திய அரசின் 2023 விதிகளும் கருத்தடைக்குப் பிடித்துப் போன நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடச் சொல்வது சும்மா இல்லை.

இரண்டு வழி. ஒன்று, முழுசாக உங்கள் நாயாக்கிக்கொள்வது: வீட்டுக்குள், கழுத்துப் பட்டையோடு, கயிற்றில், தடுப்பூசியோடு. ஆறு வருஷமாகத் தெருவிலேயே இருந்த நாய்க்கு நாலு சுவர் பழக மாதங்கள் ஆகும், சிலது கடைசிவரை பழகாது. இன்னொன்று, அதே தெருவில் சோறு வைக்க ஒருவரைப் பிடிப்பது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அவர் கையால் வைக்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். அரிசியை நீங்கள் வாங்கிக் கொடுத்துவிடலாம். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் செய்வேன். அழுதுகொண்டேதான் செய்வேன்.

மயிலாப்பூர்: பதிமூன்று வயது, இரண்டு கண்ணும் தெரியாது. மாறவே வேண்டாமா?

மாறலாம். பழைய வீட்டில் கட்டில், கிண்ணம், சோபா எந்த வரிசையில் இருந்ததோ கூடுமானவரை அதே வரிசை. முதலில் ஒரே அறை, அது பிடிபட்டபிறகு அடுத்தது. படி தொடங்கும் இடத்தில் சொரசொரப்பான மிதியடி போடுங்கள், பால்கனிக் கம்பி இடைவெளிக்கு வலை. அப்புறம் எதையும் நகர்த்தாதீர்கள், பொங்கலுக்குக்கூட.

பெரம்பூர்: அக்கா, நான்தான். மண் கொண்டுவந்து கொட்டினோம். அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாட்ச்மேன் ரூம் பின்னால் வாழை மரத்தடியில் இப்போதுதான் போனது, ஒரு நிமிஷம் நின்று போனது!

நல்லது தம்பி. அது தேர்ந்தெடுத்த இடமே இருக்கட்டும், நாளைக்கும் அங்கேயே கூட்டிப்போங்கள். வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வாழைக்கு ஒரு குடம் தண்ணீரும் ஊற்றிவிடுங்கள்.