இரட்டையரில் பையனுக்கு மட்டும் குறள் மறப்பது ஏன்?

உங்கள் இரட்டைக் குழந்தைகளில் தங்கை குறளைச் சட்டென்று ஒப்பிக்கிறாள், பையன் சாயங்காலத்துக்குள் மறக்கிறான், ஆண் பிள்ளை என்பதாலா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆண் பிள்ளை என்பதால் மட்டும் இவ்வளவு வித்தியாசம் வராது. சொற்களை நினைவில் வைக்கும் சோதனைகளில் பெண் குழந்தைகள் சராசரியாகச் சற்று முன்னே நிற்பது உண்மைதான். ஆனால் இடைவெளி சின்னது. பெண்களை மிஞ்சும் பையன்கள் ஏராளம். தங்கையோடு ஒப்பிட்டு அவனை மட்டமாக எடைபோடாதீர்கள், பாவம்.

மனப்பாடம் செய்யும் விதம்தான் காரணமாக இருக்கலாம். கேட்ட சொற்களை இனம் சேர்த்து, அதாவது ஒரே வகையானவற்றை ஒன்றாக்கி, வைத்துக்கொள்ளும் பழக்கம் பெண் குழந்தைகளிடம் கொஞ்சம் அதிகம்.

இப்படிப் பாருங்கள். மாம்பழம், சட்டை, பம்பரம், கொய்யா, பாவாடை, கோலி என்று பழம், துணி, விளையாட்டுச் சாமான் மூன்றையும் கலந்து 12 சொல் எடுங்கள். ஐந்து தடவை வாசித்து, ஒவ்வொரு தடவையும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 20 நிமிடம் விளையாட விட்டு மறுபடி கேளுங்கள். அப்புறம், "என்னென்ன பழம் சொன்னேன்?" என்று துப்புக் கொடுங்கள். அதில் சொற்கள் வந்துவிட்டால் மனதில் பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் தடுமாறுகிறான். இனம் பிரித்துப் படிக்கப் பழக்கிப் பாருங்கள்.

ஓசூர் பக்கம், வீட்டில் தெலுங்கு என்கிறீர்கள். சோதனையைத் தெலுங்கிலேயே வையுங்கள். துப்புக்கும் வரவில்லை என்றால் சரியாகக் காதில் விழுகிறதா என்று முதலில் காது டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டுச் சோதனையை வைத்து எதையும் முடிவுகட்ட வேண்டாம்.